நாளையை யோசிப்பதே என் வேலை. இந்த நொடியில் இருப்பது எப்படி?

வெண்பனி எழுதியது:

நண்பர்களே, வணக்கம். 'இந்த நொடியில் வாழ்' என்று எங்கே திரும்பினாலும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால், கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் என்ன என்று தெரியவேண்டும்.

நான் பார்ப்பது உற்பத்தித் திட்டமிடல் வேலை. எந்தச் சரக்கு எப்போது வந்து சேரும், வராவிட்டால் எந்த இயந்திரம் சும்மா நிற்கும், அதற்கு மாற்று என்ன என்று அடுத்த சில மாதங்களை முன்கூட்டியே யோசித்து வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் வேலை நேரம் முடிந்த பிறகும் அந்த யோசனை நிற்பதில்லை. குளிக்கும்போது மறுநாள் கூட்டத்தில் யார் என்ன கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வேன் என்று முழு உரையாடலும் மனதுக்குள் ஓடுகிறது. தலைக்கு ஷாம்பு போட்டோமா இல்லையா என்று முடியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மகன் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது சரியான இடங்களில் 'அப்படியா' என்கிறேன். அவன் முடித்ததும் கேட்டதில் ஒன்றும் மனதில் இல்லை. அது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலையை விடாமல், நாளையைப் பற்றிய யோசனையையும் விடாமல், அந்தந்த நேரத்தில் அந்தந்த இடத்தில் இருக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேனா எழுதியது:

தங்கை வெண்பனிக்கு,

முதலில் ஒரு ஆறுதல். உங்களுக்கு நடப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். 2010-ல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கைப்பேசிச் செயலி வழியாக நாளின் எந்த நேரத்திலாவது திடீரென்று கேள்வி வரும்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று. வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் வேறு எங்கோ இருந்தது. தாம்பத்திய உறவு ஒன்றைத் தவிர, எந்தச் செயலை எடுத்தாலும் அதில் குறைந்தது 30 சதவீத நேரம் மனம் அலைந்திருக்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்த விஷயம். ஒருவர் அந்த நேரத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்பதை, என்ன செய்கிறார் என்பதைவிட மனம் எங்கே இருக்கிறது என்பதே அதிகம் காட்டிக்கொடுத்தது. இனிமையான ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்கிற வேலையில் மனம் இருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியில் இல்லை.

மனம் ஏன் ஓடுகிறது என்பதற்கு மூளையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மார்கஸ் ரெய்க்லும் அவர் குழுவினரும் 2001-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலாகப் பேசப்படும், மூளைப் பகுதிகள் சில சேர்ந்த ஒரு வலையமைப்பு (default mode network) அது. வெளி வேலை எதிலும் ஈடுபடாதபோது அந்தப் பகுதிகள் சும்மா இருப்பதில்லை. நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, அடுத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அசைபோட்டுக்கொண்டே இருக்கின்றன. குளியலறையில் கைக்குப் பழகிய வேலை, அதற்குக் கவனம் தேவையில்லை. எனவே உங்கள் கூட்டம் அங்கே தொடங்கிவிடுகிறது.

ஆகவே 'மனம் ஓடக்கூடாது' என்று இலக்கு வைக்காதீர்கள். ஓடியது தெரிந்ததும் திரும்பி வாருங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அலையும் கவனத்தை மறுபடி மறுபடி தானே முயன்று திரும்பக் கொண்டுவரும் திறமையே நிதானத்துக்கும் மனவுறுதிக்கும் வேர் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். அவர் சொன்ன அந்த 'மறுபடி மறுபடி'யைத்தான் பலரும் தோல்வி என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பலாம். ஒவ்வொரு முறை திரும்புவதும் பயிற்சிதான்.

இரவுப்பணி எழுதியது:

பழையபேனா ஐயா சொன்னதோடு நடைமுறையாக ஒன்று சேர்க்கிறேன். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர்.

எங்கள் வேலையில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்முன் கை கழுவியே ஆகவேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கிருமிநாசினித் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நுனிவிரல் என்று வரிசை உண்டு. ஒரு பணி நேரத்தில் இது எத்தனை முறை வரும் என்று எண்ணவே முடியாது.

அந்த நேரத்தை நான் எனக்காக எடுத்துக்கொண்டேன். தண்ணீர் சில்லென்று படும் இடம், சோப்பு நுரைக்கும் வழவழப்பு, கட்டைவிரலைச் சுற்றி மற்ற கை பிடிக்கும்போது வரும் அழுத்தம், இவ்வளவுதான் கவனிப்பேன். முந்தைய நோயாளியின் உறவினர் கோபமாகப் பேசியது மனதில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைத் துரத்துவதில்லை. அது பாட்டுக்கு ஓடட்டும், நான் கட்டைவிரலுக்கு வருவேன். கையைத் துடைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய் நிற்கும்போது அந்த முகத்தை உண்மையிலேயே பார்க்கிறேன். உதடு லேசாக நீலம் பூத்திருப்பது, மூச்சு விடும்போது கழுத்துத் தசை இழுப்பது, இதெல்லாம் கருவி மணி அடிப்பதற்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரியும். பார்த்தால்தான்.

வெண்பனி, தியானத்துக்கு என்று தனியாக நேரம் தேடாதீர்கள். ஏற்கனவே தினமும் பலமுறை செய்கிற ஒரு சின்ன வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறப்பது, படி ஏறுவது, செருப்பு மாட்டுவது, எதுவானாலும் சரி. ஒன்றே ஒன்று போதும். எல்லாவற்றையும் கவனிக்கிறேன் என்று இறங்கினால் இரண்டே நாளில் சலித்துவிடும்.

கூர்முனை எழுதியது:

இங்கே எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். 'நிகழ்காலம் மட்டுமே உண்மை' என்ற பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை.

நிகழ்காலத்தில் மட்டும் வாழ்ந்த ஒருவர் இருந்தார். ஹென்றி மொலேசன். வலிப்பு நோய்க்காக 1953-ல், அவருடைய 27-வது வயதில் மூளை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பாகத்தை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு புதிதாக நடந்தவை அவருக்கு நினைவில் தங்கவில்லை. கவனம் கலையும்வரை ஒரு விஷயத்தைப் பிடித்து வைத்திருப்பார், கலைந்ததும் அது போய்விடும். 2008-ல் இறக்கும்வரை அப்படியே. அதே பகுதி பாதிக்கப்பட்ட வேறு சிலரிடம் 2007-ல் டெமிஸ் ஹசாபிஸும் எலினோர் மக்வயரும் மற்றவர்களும் ஆய்வு செய்தபோது, நடக்கக்கூடிய புதிய சூழல் ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னால் அவர்களால் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. நேற்றை இழந்தவருக்கு நாளையையும் மனதில் காண முடியவில்லை.

நேற்றிலிருந்து கற்று நாளைக்கு ஆயத்தமாவது மனிதனின் பெரிய பலம். வெண்பனி செய்யும் வேலையே அதுதானே! அவர் யோசிக்காவிட்டால் இயந்திரம் நிற்கும், வேலையாட்கள் நிற்பார்கள். அலையும் மனம் எப்போதும் துன்பம் தருவதும் இல்லை. தனக்கு ஆர்வமான ஒன்றைப் பற்றி மனம் அசைபோடும்போது மனநிலை மேம்படுவதாக 2013-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மனம் அலைகிறது என்றதும் உடனே நோய் என்று முத்திரை குத்தவேண்டாம் என்பதே என் வாதம்.

சாளரம் எழுதியது:

கூர்முனை சார், உங்கள் எடுத்துக்காட்டு எனக்கு மிக நெருக்கமானது. என் அம்மாவுக்கு மறதி நோய். சில வருடங்களாக நான்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. அவருக்கு இருப்பது இந்த நொடி மட்டும்தான், ஆனால் அதில் நிம்மதி இல்லை. சற்று முன் என்ன நடந்தது என்று தெரியாது, அடுத்து என்ன வரும் என்று தெரியாது. மாலை மங்கும் நேரத்தில் அந்தப் பயம் முகத்தில் அப்படியே தெரியும். 'வீட்டுக்குப் போகணும்' என்பார், இருப்பது வீட்டில்தான். அவருடைய நேற்றையும் நாளையையும் நான்தான் சுமக்கிறேன். மருந்து எப்போது, மருத்துவரைப் பார்ப்பது எப்போது என்று எல்லாவற்றையும் நான் திட்டமிட்டால்தான் அவரால் அந்த நொடியிலாவது பத்திரமாக இருக்க முடிகிறது. அதனால் திட்டமிடுவது நிகழ்காலத்துக்கு எதிரி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. துவைத்த துணிகளை அம்மாவிடம் கொடுத்தால் மடித்துக்கொண்டே இருப்பார். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, உள்ளங்கையால் நீவி, சுருக்கம் போகும்வரை விடமாட்டார். ஒரு துண்டுக்கு நான் எடுக்கும் நேரத்தைப்போல பல மடங்கு எடுப்பார். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்பதே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, மனதுக்குள் அடுத்த வேலையின் பட்டியலோடு அவசரமாக மடித்தால் உடனே என் கையைப் பார்ப்பார். 'எங்கே போற?' என்று கேட்பார். நான் எங்கும் போகவில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறேன். பேரைக்கூட மறந்துவிட்ட ஒருவருக்கு, எதிரே இருப்பவர் மனதால் அங்கே இல்லை என்பது மட்டும் எப்படியோ தெரிகிறது. வெண்பனி, உங்கள் மகனுக்கும் அதுதான் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். அவருக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் முறைதான், எனக்குத்தான் பத்தாவது முறை. 'இப்போதுதானே சொன்னேன்' என்ற எரிச்சல், முன்பு பதில் சொன்ன ஒன்பது முறைகளையும் நான் சுமந்துகொண்டிருப்பதால் வருகிறது. அவற்றை இறக்கி வைத்துவிட்டு இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால், அந்தப் பதில் லேசாக வருகிறது. எல்லா நாளும் இது கைகூடுவதில்லை. கூடுகிற நாளில் இரண்டு பேரும் நன்றாகத் தூங்குகிறோம்.

கூர்முனை எழுதியது:

சாளரம் அம்மா, நான் வாதமாக வைத்ததை நீங்கள் தினமும் வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள். திட்டமிடும் நேரம் வேறு, கூட உட்காரும் நேரம் வேறு என்று நீங்கள் பிரிப்பதை முழுமையாக ஏற்கிறேன். எனக்கு மறுப்பு இருப்பது, ஒன்றை ஒழித்து மற்றொன்றை வளர்க்கச் சொல்பவர்களிடம்தான்.

வெண்பனி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாளரம் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

நேரம் பிரிப்பது என்பதுதான் எனக்கும் வேண்டியது. ஆனால் பிரித்தாலும் எண்ணம் கேட்கிறதா? 'இது மாலை, வேலையை நினைக்காதே' என்று சொன்னால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

பழையபேனா எழுதியது:

அப்படித்தான் வரும் தங்கை. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் இதைச் சோதித்துக் காட்டினார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிடக் கவனிக்கவேண்டியது அடுத்த கட்டம்: இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலில் அடக்கியவர்கள், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். அடக்கிய எண்ணம் பின்னால் வட்டியோடு வருகிறது.

அப்படியானால் என்ன செய்வது? மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறது. முடிக்காத வேலை ஒன்றை மனதில் கிளறிவிட்டு, பிறகு நாவல் ஒன்றிலிருந்து ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். அந்த வேலை படிப்பின் நடுவே வந்து தொல்லை செய்தது. ஆனால் எப்போது, எப்படி முடிப்பேன் என்று திட்டவட்டமாக எழுதியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேலை இன்னும் முடியவில்லை, திட்டம்தான் இருந்தது. மனதுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நீங்கள் திட்டமிடுவதில் தேர்ந்தவர். தொழிற்சாலைக்குச் செய்வதை உங்கள் மாலை நேரத்துக்கும் செய்யுங்கள். கணினியை மூடும் முன் ஒரு தாளில், எந்த இடத்தில் நிறுத்தினேன், நாளை முதலில் எதைத் தொடுவேன், எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, அதை யாரிடம் எப்போது கேட்பேன் என்று எழுதுங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதை 2009-ல் விளக்கிய சோஃபி லெராய், தெரேசா க்ளோம்போடு சேர்ந்து 2018-ல் காட்டிய தீர்வும் கிட்டத்தட்ட இதேதான். விட்ட இடத்தையும் திரும்ப வந்ததும் செய்யவேண்டியதையும் சுருக்கமாகக் குறித்துவிட்டு எழுந்தவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் நன்றாகப் பதிந்தது.

'சும்மா நினைவில் வைத்துக்கொள்கிறேன்' என்பது பலிக்காது. எழுதவேண்டும், நாள் நேரத்தோடு எழுதவேண்டும்.

அமைதிதேடி எழுதியது:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. ஒரு சந்தேகம். நெருங்கிய ஒருவரை இழந்த பிறகு நண்பர்கள் எல்லோரும் மூச்சைக் கவனி, இந்த நொடியில் இரு என்கிறார்கள். கண்ணை மூடி மூச்சைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுவதுபோல் ஆகிறது. எனக்கு இந்த நொடிதான் தாங்க முடியாததாக இருக்கிறது. என்னிடம்தான் ஏதோ குறையா?

இரவுப்பணி எழுதியது:

அமைதிதேடி, உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. துக்கத்திலோ அதிர்ச்சிக்குப் பிறகோ உடலுக்குள் கவனத்தைத் திருப்புவது சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். தியானப் பயிற்சிகளில் சிலருக்குப் பதற்றம், தூக்கமின்மை போன்றவை வருவது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. நல்ல பயிற்றுநர்கள் இதை முதலிலேயே சொல்வார்கள்.

கண்ணை மூடாதீர்கள். மூச்சை விட்டுவிடுங்கள். கவனத்தை வெளியே வையுங்கள். பாதம் தரையில் அழுந்துவது, நாற்காலியின் கைப்பிடி, எதிரே தெரியும் ஒரு பொருளின் நிறம், தூரத்தில் கேட்கும் ஒரு சத்தம். ஓரிரு நிமிடம் போதும். அதுவும் கனமாக இருந்தால் எழுந்து நடங்கள், யாரோடாவது பேசுங்கள். துக்கத்தில் மனம் பழைய நாட்களுக்குப் போவதைத் தடுக்கவே வேண்டியதில்லை. போய் வரட்டும். அழுகை வந்தால் அதுவும் இந்த நொடிதான்.

படபடப்பு தொடர்ந்து வந்தால், தூங்கவோ சாப்பிடவோ முடியாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். முதல் முறையாக நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது என்றால் உடலையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. தயவுசெய்து தள்ளிப்போடவேண்டாம்.

பழையபேனா எழுதியது:

இரவுப்பணி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மருத்துவமனைச் சூழலில் இந்தக் கவனப் பயிற்சியை முறைப்படுத்திப் பல வாரப் பயிற்சியாகக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஜின், 1979-ல், நாட்பட்ட வலியோடு வந்தவர்களுக்காக. அதிலிருந்து வளர்ந்த ஒரு சிகிச்சைமுறையை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்து மீண்டவர்களிடம் சோதித்தார்கள். 2000-ல் வெளியான அந்த முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்ப வந்தது. பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு. ஆக இதற்குப் பலன் உண்டு. ஆனால் அதைக் கற்றுத்தந்தவர்கள் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள், வந்தவர்கள் அப்போது மீண்டிருந்தவர்கள். துயரத்தின் நடுவில் இருப்பவரிடம் 'இந்த நொடியில் இரு' என்று ஒரு வரியை நீட்டிவிட்டு நகர்வது வேறு, இது வேறு. அமைதிதேடி, மறுபடியும் இங்கே எழுதுங்கள்.

அமைதிதேடி எழுதியது:

நன்றி. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவே இல்லை. மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

சாளரம் எழுதியது:

கைப்பேசியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். அம்மாவோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொண்டே இருப்பேன், பின்னால் வேண்டுமே என்று. லிண்டா ஹெங்கெல் என்பவர் அருங்காட்சியகத்தில் செய்த சோதனை ஒன்றைப் படித்த பிறகு கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். முழுப் பொருளையும் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருள் குறைவாகவே நினைவில் நின்றதாம். ஆனால் ஒரு சின்னப் பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இப்போது அம்மாவின் கை துணியை நீவுவதை ஒரே ஒரு படம் எடுப்பேன், அப்புறம் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுவேன்.

வெண்பனி எழுதியது:

மறுபடியும் நான். இரண்டையும் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கணினியை மூடும் முன் எழுதும் தாள் உண்மையிலேயே உதவுகிறது. குறிப்பாக 'யாரிடம் எப்போது கேட்பேன்' என்ற வரி. மனதில் ஓடிய உரையாடல்களில் பாதி, யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யாதவைதான் என்று எழுதும்போது தெரிந்தது. இரவுப்பணி அக்கா சொன்னபடி ஒரே ஒரு வேலையையும் எடுத்துக்கொண்டேன், வீட்டுக் கதவின் பூட்டைத் திறப்பது. சாவி உள்ளே போய்ப் பல்லில் உட்காரும் அந்தச் சின்னத் தடங்கலைக் கையில் உணர்ந்துவிட்டு உள்ளே போகிறேன். மகன் பேசும்போது மனம் இன்னும் ஓடுகிறது. ஓடியது தெரிந்தால் 'கடைசியாகச் சொன்னதை மறுபடி சொல்லு' என்று அவனிடமே கேட்டுவிடுகிறேன். அவன் கோபப்படுவதில்லை, முன்னைவிட விரிவாகச் சொல்கிறான்.

ஒரு கேள்வி மட்டும் மீதம். மாலை சரியாகிறது. இரவு படுத்த பிறகு, தாளில் எழுதாத புது விஷயம் ஒன்று முளைக்கிறது. அப்போது?

பழையபேனா எழுதியது:

தலைமாட்டில் ஒரு தாளும் பென்சிலும் வையுங்கள், கைப்பேசி வேண்டாம். வந்ததை ஒரு வரியில் எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள். இன்னும் நல்லது, படுக்கும் முன்னே ஐந்து நிமிடம் ஒதுக்கி எழுதிவிடுவது. மைக்கேல் ஸ்கலினும் அவர் குழுவினரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். வரும் நாட்களில் செய்யவேண்டியதை எழுதியவர்கள், அதுவரை செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. அதனால் 'சரக்கு விஷயம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தச் சரக்கு, யாரைக் கூப்பிடவேண்டும், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.